கோப்புப் படத்தில் வளையல் கை

“...யாரு யார்கூட சேந்தாங்க, அதப் போட்டு கீற. யாரு யார்மேல கோச்சிக்கினு போனாங்க, அதயும் போட்டு கீற. என் பொண்ணு எங்க கீறான்னு ஒரு வரி கீதா தம்பி? ஒரே ஒரு வரி. இருந்தா காட்டு, நான் வாய மூடிக்கினு வூட்டுக்குப் போயிடறேன்.”

அக்கா இதைச் சொன்னது எங்கள் ஊர்ச் சுடுகாட்டில், காலை வெயிலில் நின்றுகொண்டு. கையில் அன்றைய செய்தித்தாள். விடியற்காலையில் அவர் வீட்டு வாசலில் அதை வீசிவிட்டுப் போனவன் நான்தான். அதில் இருந்த எங்கள் ஊர்ச் செய்தியை எழுதி அனுப்பியவனும் நான்தான். அவருக்குப் பின்னால், சீமைக்கருவேலம் புதரை ஒட்டி, ஒரு பொக்லைன் எஞ்சின் உறுமிக்கொண்டு நின்றது. அதன் ஓட்டுநர் கீழே இறங்கி, எங்களைப் பார்க்காத மாதிரி கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு நான் காட்டியது என்ன என்பதைச் சொல்வதற்கு முன்னால், நாங்கள் மூன்று பேரும் அங்கே எப்படி வந்து நின்றோம் என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்பு ஒரகடத்துக்கும் சேரப்பணஞ்சேரிக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பெயர் வேண்டாம். கைபேசி வரைபடத்தில் தேடினாலும் பெரிய ஊரின் பெயர்தான் வரும், எங்கள் பெயர் வராது. சாலையை அகலப்படுத்திய பிறகு பெரிய ஊர் அந்தப் பக்கமாகவும் நாங்கள் இந்தப் பக்கமாகவும் ஆகிவிட்டோம். ஊராட்சி அலுவலகம், ரேஷன் கடை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தப் பக்கம். எங்கள் பக்கம் வீடுகள், தெற்கத்திப் பிள்ளைகள் தங்கியிருக்கும் வாடகை அறைகள், ஒரு டீக்கடை, மூன்று கொடிக்கம்பங்கள், ஒரு சுடுகாடு. கம்பெனி பஸ்கள் ஷிப்டுக்கு ஷிப்டு வந்து எங்கள் ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், கொண்டுவந்து கொட்டும். மற்றபடி எங்களைத் தேடி யாரும் வருவதில்லை.

நான் பேப்பர் ஏஜென்ட். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. கட்டுப் பிரித்து அடுக்கும்போது படித்துப் படித்து எழுத வந்தது. ஒருநாள் எங்கள் ஏரி உடைந்ததை எழுதி அனுப்பினேன், போட்டார்கள். அப்படியே பகுதி நேர நிருபர் ஆனேன். எழுதுவதைவிட எனக்குப் பிடித்தது மனிதர்கள் பேசுவதைக் கேட்பது. ஒருவர் ஒரு சொல் நன்றாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கு முழுக்க அதையே வாயில் போட்டுக் குதப்பிக்கொண்டு மொபெட் ஓட்டுவேன். செய்தியில் அந்தச் சொல் ஒன்றுகூட வராது. ‘அவர் தெரிவித்தார்’, ‘அவர் குறிப்பிட்டார்’ என்றுதான் வரும்.

அக்கா எங்கள் தெருக்காரர். உதிரிபாகக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் தட்டு கழுவும் வேலை. கணவர் எப்போதோ விட்டுவிட்டுப் போய்விட்டார். ஒரே பெண். படித்து முடித்து ஒரு தொழிற்சாலையில் லைனில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் தீபாவளி போனஸ் வாங்குவதற்குள் காய்ச்சல் வந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். கல்யாணம் ஆகாதவர்களை எங்கள் பக்கம் எரிப்பதில்லை, புதைப்போம். தலைமாட்டில் அக்கா ஒரு கனகாம்பரச் செடி வைத்தார். அந்தப் பெண்ணுக்கு கனகாம்பரம் பிடிக்கும், மல்லிகை தலைவலி தரும் என்பாள். வார விடுமுறை நாளில் அக்கா ஒரு குடம் தண்ணீரோடு கிளம்புவார். வழியில் யாராவது எங்கே என்று கேட்டால், “பொண்ணு கிட்ட போய்ட்டு வரேன்” என்பார். கேட்டவர் திடுக்கிட்டது முதலில் சில வாரங்கள்தான். பிறகு எங்களுக்கெல்லாம் அது பழகிவிட்டது. “பொண்ணு நல்லா கீறாளா?” என்று டீக்கடை மாஸ்டர் கேட்பார். “செடி ரெண்டு பூ உட்டு கீது” என்று அக்கா பதில் சொல்வார்.

அப்படிப்பட்ட இடத்தை ஊராட்சி லாரி நிறுத்துமிடமாக்கப் போகிறது என்று ஒருநாள் தெரிந்தது. எங்கள் சுடுகாடு ‘பயன்பாடு குறைந்த மயானம்’ என்று எழுதியிருந்தார்கள். இனி நாங்களும் சாலையைத் தாண்டி, பெரிய ஊரின் மயானத்துக்குத்தான் பிணத்தைக் கொண்டுபோக வேண்டும்.

“பயன்பாடு கொறஞ்சி போச்சாமே?” என்று அக்கா டீக்கடையில் வந்து கேட்டார். “வருஷத்துக்கு இன்னும் நாலு பேரு சேத்து சாவணுமா? யார் யாருன்னு சொல்லச் சொல்லு, ரெடி ஆவட்டும்.”

யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் யாரோ, நம் பக்கத்தைத் தனி ஊராட்சியாகப் பிரிக்கக் கேட்டால் என்ன என்றார்கள். கிராம சபையில் பிரிவினைத் தீர்மானம் நிறைவேறினால் அது கலெக்டர் ஆபீசுக்குப் போகும். அங்கே வருஷக்கணக்கில் கிடந்தாலும் பரவாயில்லை. அது கிடக்கிறவரைக்கும் சுடுகாட்டு மண்ணைத் தொட யோசிப்பார்கள். அடுத்த கிராம சபை சுதந்திர தினத்தன்று.

“அப்ப நம்ம ஊருக்கும் அன்னிக்கே சுதந்திரம்னு சொல்லு” என்றார் மாஸ்டர், டீயை ஆற்றிக்கொண்டே. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சுதந்திரப் போராட்டம் என்றே எல்லோரும் சொல்ல ஆரம்பித்தார்கள். பாதி கிண்டல், பாதி நிஜம். அக்காவுக்கு மட்டும் முழுக்க நிஜம். ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சட்னி வாடை போகாத கையோடு வீடு வீடாகப் போய் நின்றார்.

இங்கே கட்சிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கட்சிகளை அவற்றின் பெயரால் யாரும் சொல்வதில்லை. கொடிக்கம்பம் எங்கே நிற்கிறதோ அதுதான் பெயர். பஸ் ஸ்டாப் கட்சி, அரசமரத்துக் கட்சி, டேங்க் கட்சி. டேங்க் கட்சி என்றால் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே கம்பம் நட்ட கட்சி. மூன்றும் ஒன்றோடொன்று முகம் பார்க்காதவை. ஒரு கட்சிக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு இன்னொரு கட்சிக்காரர் மொய் மட்டும் அனுப்புவார், ஆள் வரமாட்டார்.

எங்கள் பக்கத்து ஓட்டு மட்டும் போதாது. கிராம சபையில் கை தூக்குகிற கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் பெரிய ஊர்க்காரர்கள். அங்கே ஓரளவு ஆள் வைத்திருந்தது டேங்க் கட்சிதான். மூன்று கட்சியும் ஒன்றாக நின்று, டேங்க் கட்சி தன் அந்தப் பக்கத்து ஆட்களையும் கை தூக்கச் சொன்னால் தீர்மானம் ஜெயிக்கும். இதைக் கண்டுபிடித்தது நாங்கள் யாருமில்லை, அக்காதான். மூன்று தலைவர்கள் வீட்டுக்கும் போய் உட்கார்ந்து, எழுந்திருக்கமாட்டேன் என்றே உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரையும் டீக்கடை பெஞ்சில் ஒன்றாக உட்கார வைத்துவிட்டார்.

“பத்து வருஷமா கட போட்டு கீறேன்” என்றார் மாஸ்டர் என் காதில், “மூணு பேருக்கும் ஒரே நேரத்துல டீ போடறது இதான் ஃபர்ஸ்ட்டு. யாருக்கு முதல்ல நீட்டறதுன்னு தெர்ல. கூட்டணி என் கிளாஸ்லயே ஒடஞ்சிடப் போவுது.” கடைசியில் தட்டில் வைத்து மூன்றையும் ஒன்றாக நீட்டினார்.

நான் செய்தி எழுதினேன். முதல் பத்தியில் சுடுகாடு. இரண்டாவதில் லாரி நிறுத்துமிடம். மூன்றாவதில் மூன்று கட்சிகளும் ஆதரவு. அனுப்பிய கொஞ்ச நேரத்தில் அலுவலகத்திலிருந்து உதவி ஆசிரியர் கூப்பிட்டார். நல்ல மனிதர், குரலில் எப்போதும் களைப்பு இருக்கும்.

“அண்ணே, சுடுகாடு எல்லா ஊர்லயும் இருக்கு. இந்த மூணு கட்சியும் ஒண்ணா நிக்கறது எந்த ஊர்ல இருக்கு? அதத் தூக்கி மேல வைங்க.”

“சார், பிரச்சினையே சுடுகாடுதான்.”

“பிரச்சினையப் படிக்க ஆள் இல்லண்ணே. கூட்டணியப் படிக்க இருக்கு.”

மறுநாள் ‘எலியும் பூனையும் ஓரணியில்’ என்று தலைப்பு. அக்கா எழுத்துக் கூட்டிப் படிப்பார். விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே போய், முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல எலி யாரு, பூன யாரு?”

“தெரிலக்கா.”

“சுடுகாடு?”

“கடைசியில இருந்தது. எடம் பத்தலன்னு வெட்டிட்டாங்க.”

“செத்தவங்களுக்கு ஊர்லதான் எடம் இல்லன்னு பாத்தேன்” என்றார் அக்கா. “பேப்பர்லயும் இல்லயா.”

அந்தத் தலைப்புக்குப் பிறகு வேறு நிருபர்கள் வர ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரை எட்டிப் பார்க்காத பத்திரிகைகள், கைபேசியைக் குச்சியில் மாட்டிக்கொண்டு வரும் யூடியூப் பிள்ளைகள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்விகள். இந்தச் சேர்க்கை சட்டமன்றத் தேர்தலுக்கு ஒத்திகையா? மேலிடத்துக்குத் தெரியுமா? தனி ஊராட்சி ஆனால் தலைவர் பதவி யாருக்கு? எங்கள் தலைவர்கள் மூவரும் மேலிடத்தையே கொடியேற்று விழாவில்தான் பார்த்தவர்கள். ஆனாலும் கேள்வி கேட்கக் கேட்க அவர்களுக்கும் முதுகு நிமிர்ந்தது. பஸ் ஸ்டாப் கட்சித் தலைவர் சுடுகாட்டைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு ‘கொள்கை அளவில்’ என்று ஆரம்பித்தார். அந்தச் சொல்லை அவர் வாயில் அதற்கு முன்பு நான் கேட்டதில்லை.

பிறகு தொலைக்காட்சி வந்தது. மைக் பிடித்த பெண் சின்னப் பெண்தான். எங்கள் அக்காவின் மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். அக்கா அன்றைக்கு லீவு போட்டு, தலை வாரி, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்ன பேச வேண்டும் என்று முதல்நாள் முழுக்கத் தனக்குள் சொல்லிப் பார்த்தாராம். சுடுகாட்டில் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். வெளிச்சம் சரியில்லை என்று கொடிக்கம்பத்தடியில் நிறுத்தினார்கள்.

“இந்தக் கூட்டணி நிலைக்கும்னு நினைக்கிறீங்களா?”

“நெலைக்கட்டும்மா. ஆடி முடியற வரைக்குமாவது நெலைக்கட்டும். என் பொண்ணு அங்க படுத்துனு கீறா. அவ மேல லாரி நிக்கக் கூடாது. அதுக்குத்தாம்மா...”

“மூணு கட்சியில யாரோட தலைமையை நீங்க ஏத்துக்குவீங்க?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். பரீட்சையில் படிக்காத கேள்வி வந்த மாதிரி ஒரு பார்வை. “யாரு சுடுகாட்ட குடுக்கறாங்களோ அவங்க” என்றார்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மைக்கை இறக்கியதும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்கு நீங்க சொன்னதுதான் ஆன்ட்டி முக்கியம். ஆபீஸ்ல இதத்தான் கேட்டு வரச் சொன்னாங்க” என்றது. கண் கலங்கியிருந்தது. மாலையில் டீக்கடையில் எல்லோரும் கூடி நின்று பார்த்தோம். தலைவர்கள் மூவரும் நிறையப் பேசினார்கள். பிறகு அக்காவின் முகம் வந்தது. “நெலைக்கட்டும்மா” என்றார். போய்விட்டது. கீழே எழுத்து ஓடியது: ‘கூட்டணி நிலைக்கும், பெண்கள் நம்பிக்கை.’

“உன்ன பெண்கள் ஆக்கிட்டாங்களே” என்றார் மாஸ்டர். அக்கா சிரித்தார். அவர் சிரித்ததை நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

சுதந்திர தினத்துக்குச் சில நாள் முன்னால் எங்கள் அலுவலகத்தில் ஒரு படம் கேட்டார்கள். கூட்டணி என்றால் கைகோத்து உயர்த்திய படம் வேண்டும். அந்தப் படம் இல்லாமல் தமிழ்நாட்டில் எந்தக் கூட்டணியும் கூட்டணி இல்லை. டீக்கடை முன்னால் எல்லோரையும் நிறுத்தினேன். நடுவில் யார் என்று பிரச்சினை வந்தது. மூன்று பேர் நின்றால் ஒருவர் நடுவில் நின்றுதான் ஆக வேண்டும், மற்ற இருவர் அதற்குச் சம்மதிக்கமாட்டார்கள். அக்காவையும் சேர்த்துக்கொண்டால் நான்கு பேர், நடுவே இருக்காது என்றேன். எல்லோருக்கும் அது பிடித்தது. அரசமரமும் பஸ் ஸ்டாப்பும் உள்ளே நின்றுகொண்டார்கள். வலது ஓரம் அக்கா. ஒரு கல்யாணத்திலிருந்து அவசரமாக வந்த டேங்க் கட்சித் தலைவர் இடது ஓரத்தில் வந்து ஒட்டிக்கொண்டார்.

நிருபர் வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்று உண்டு. ஓரத்தில் நிற்கிறவருக்கு ஆபத்து. மூன்று காலம், அதாவது பக்கத்தில் மூன்று பத்தி அகலம், என்று சொல்லிப் படம் வாங்குவார்கள். பக்கத்தில் விளம்பரம் வந்தால் இரண்டு காலம் ஆகிவிடும். எங்கே வெட்டுவார்கள்? ஓரத்தில்தான்.

“அண்ணே, இன்னும் கொஞ்சம் உள்ள வாங்க” என்றேன்.

“நான் எங்க நின்னாலும் தெரிவேன் ரிப்போர்ட்டரே, நீ எடு” என்றார் அவர். கட்டிய வாட்ச் மின்ன கையைத் தூக்கினார். நால்வரும் கைகோத்து உயர்த்தினார்கள். அக்காவின் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரைக்கும் இறங்கி விழுந்தன. எடுத்தேன்.

மறுநாள் பேப்பரில் மனை விளம்பரம் வந்திருந்தது. படம் இரண்டு காலம். நடுவில் அரசமரமும் பஸ் ஸ்டாப்பும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். இடது ஓரத்தில் வாட்ச் கட்டிய ஒரு கை, வலது ஓரத்தில் வளையல் போட்ட ஒரு கை. ஆட்கள் இல்லை. எங்கிருந்தோ நீண்டு வந்து கோத்துக்கொண்ட மாதிரி கைகள் மட்டும்.

என் பக்கத்து அறையில் தங்கியிருந்த திருநெல்வேலித் தம்பி ஒருவர் நைட் ஷிப்டு முடித்துவிட்டு டீக்கடையில் பேப்பரைப் பிரித்தார். “எண்ணே, இந்த வாட்ச் கட்டுன கை யாரு கைண்ணே? ஆளைக் காங்கலியே?”

“அதுவா?” என்றார் மாஸ்டர். “கைய கூட்டணிக்கு குடுத்துட்டு, ஒடம்ப வூட்ல வச்சிட்டு வந்துட்டாரு.”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். கைக்குச் சொந்தக்காரர் வெளியே வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. மாஸ்டர் அவசரமாக ஒரு டீயை நீட்டினார். அவர் அதை வாங்கி, ஒரு வாய்கூடக் குடிக்காமல் பெஞ்சில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

அன்றைக்கே அந்தப் படம் எல்லோர் கைபேசிக்கும் போய்விட்டது. சாலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். கையை மட்டும் வெட்டி எடுத்து, ‘காணவில்லை’ என்று எழுதி அனுப்பிக்கொண்டார்கள். மாலையில் டேங்க் கட்சித் தலைவர் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். தழுதழுத்தார்.

“எங்காளுங்க கேக்கறாங்க, நீ கூட்டணில கீறியா இல்ல உன் கை மட்டும் கீதான்னு. நான் இன்னா சொல்வேன்?”

அலுவலகத்துக்கு போன் போட்டேன். முழுப் படத்தையும் ஒருமுறை போடுங்கள் என்று கெஞ்சினேன். ஒரே படத்தை இரண்டு முறை போட முடியாது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். இரண்டு நாள் கழித்து டேங்க் கட்சி கூட்டு இயக்கத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. அந்தச் செய்தி எனக்கு வருவதற்கு முன்னாலேயே உதவி ஆசிரியர் கூப்பிட்டுவிட்டார்.

“விரிசல் வந்துடுச்சாமே அண்ணே? உடனே அனுப்புங்க. பெருசாவே எழுதலாம்.” குரலில் களைப்பே இல்லை.

சேர்ந்து நின்றதற்கு இரண்டு காலம் கொடுத்த பேப்பர், பிரிந்ததற்கு நான்கு காலம் கொடுத்தது. தொலைக்காட்சியும் மறுபடி வந்தது. அந்தச் சின்னப் பெண் வரவில்லை, வேறு யாரோ வந்தார்கள். விலகியதற்குக் காரணம் அதிகாரப் போட்டியா, மேலிட அழுத்தமா என்று கொடிக்கம்பத்தடியில் நின்று பேசினார்கள். கொடிக்கம்பத்துக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, சுடுகாட்டுப் புதர் தெரிந்தது. கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அக்கா டேங்க் கட்சித் தலைவர் வீட்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். அவர் மனைவி மோர் கொடுத்தார். தலைவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

“உன் மேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உன் பொண்ண சின்ன வயசுலருந்து பாத்தவன் நான். ஆனா மானம்னு ஒண்ணு கீதே.”

“என் கையும்தான் அண்ணா தனியா வந்துச்சு” என்றார் அக்கா. “நான் கோச்சிக்கினேனா?”

“உன்ன யாரும் சிரிக்கலயேம்மா.”

அக்கா வளையலை மேலே தள்ளிவிட்டுக்கொண்டார். “ஆமா” என்றார். “என் கை யார்துன்னே யாருக்கும் தெர்ல.”

மோரைக் குடித்துவிட்டு எழுந்தோம்.

சுதந்திர தினத்தன்று கொடி ஏற்றினார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். கிராம சபை பள்ளிக்கூட மைதானத்தில், சாமியானா கீழே. எங்கள் பக்கத்தில் நடக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் சாலையைத் தாண்டி வந்திருந்தார்கள். அதற்கே போலீஸ் வந்து வண்டிகளை நிறுத்தி வழிவிட வேண்டியிருந்தது. பிரிவினைத் தீர்மானத்தைப் படித்தார்கள். ஆதரவாகக் கை தூக்குங்கள் என்றார் ஊராட்சிச் செயலர். நாங்கள் தூக்கினோம். நான் டேங்க் கட்சி உட்கார்ந்திருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சிலர் தரையைப் பார்த்தார்கள், சிலர் மிட்டாய்க் காகிதத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய தலைவர் வாட்ச் கட்டிய கையை மடியில் வைத்து இன்னொரு கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எனக்கு முன்னால் அக்கா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு ஆளுக்கு ஒரு கைதாம்மா கணக்கு” என்றார் செயலர், கிண்டலாக இல்லை, பொறுமையாகத்தான். அக்கா ஒரு கையை இறக்கினார். மற்றதை, எண்ணி முடித்து எங்கள் தீர்மானம் தோற்றது என்று சொன்ன பிறகும், அடுத்த தீர்மானத்தைப் படிக்க ஆரம்பித்த பிறகும் தூக்கியே வைத்திருந்தார். அடுத்த தீர்மானம் மயானத்தை மாற்றுவது. அது நிறைவேறியது.

வெளியே நிருபர்கள் தலைவர்களைச் சுற்றிக்கொண்டார்கள். யார் யாரைக் கவிழ்த்தது என்று கேள்வி. மூவரும் தனித்தனியாக நின்று, மூன்று விதமாகப் பதில் சொன்னார்கள். அக்கா அந்தக் கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, யார் மேலும் இடிக்காமல், சாலைப் பக்கம் நடந்தார்.

சுதந்திர தினத்துக்கு மறுநாள் பேப்பர் கிடையாது. அன்றைக்கு உட்கார்ந்து நான் ஒரு செய்தி எழுதினேன். மறுபடியும் முதல் பத்தியில் சுடுகாடு. அதில் கனகாம்பரச் செடியையும் எழுதினேன். வெட்டுவார்கள் என்று தெரியும். ஆனாலும் விரல் அதைத்தான் எழுதியது. அதற்கடுத்த நாள் பேப்பர் வந்தது. ‘பொய்த்தது கூட்டணிக் கணக்கு’ என்று தலைப்பு. மூன்று கட்சிகளில் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று அலசியிருந்தார்கள். நடுவே அதே படம், அதே இரண்டு காலம். கீழே சிறிய எழுத்தில் ‘கோப்புப் படம்’. ஒரே படத்தை இரண்டு முறை போட முடியாது என்று சொன்னவர்கள்தான்.

வீடு வீடாக அதை வீசிவிட்டு நான் திரும்பும்போது, பொக்லைன் எங்கள் தெருவைத் தாண்டிப் போவதைப் பார்த்தேன். பின்னாலேயே அக்கா போய்க்கொண்டிருந்தார். அன்றைக்கு அவருக்கு முதல் ஷிப்டு. கம்பெனி பஸ் நிறுத்தத்தில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை. நான் வண்டியைத் திருப்பினேன்.

இப்படித்தான் நாங்கள் அங்கே வந்து நின்றோம். ஒரே ஒரு வரி கேட்டார் அக்கா.

பேப்பரை அவர் கையிலிருந்து வாங்கி, இல்லை என்று தெரிந்தும் முதலிலிருந்து படித்தேன். கடைசிக்கு முந்தைய பத்தியில் இருந்தது. வரி இல்லை, மூன்று சொல். ‘மயானம் உள்ளிட்ட கோரிக்கைகளுக்காக.’ விரலை வைத்துக் காட்டினேன்.

“உள்ளிட்டன்னா?”

“அதயும் சேத்துன்னு அர்த்தம்க்கா.”

“எதுகூட சேத்து?”

எங்களுக்கு வேறு கோரிக்கையே இருக்கவில்லை.

பொக்லைன் ஓட்டுநர் அருகே வந்தார். வடக்கே எங்கிருந்தோ வந்த பிள்ளை, தமிழ் கொஞ்சம் கொஞ்சம்தான். “அம்மா, சூப்பர்வைசர் வருது. திட்டும்” என்றார். சொல்லிவிட்டு, என்ன தோன்றியதோ, போய் எஞ்சினை நிறுத்தினார். திடீரென்று அவ்வளவு அமைதி. தூரத்தில் சாலையில் லாரிகள் போகும் சத்தம் கேட்டது.

அக்கா பேப்பரை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார். மகள் படுத்திருந்த மேட்டின் தலைமாட்டில் உட்கார்ந்தார். படம் இருந்த பக்கத்தை மேலே வைத்து பேப்பரைத் தரையில் விரித்தார். காற்றில் பறக்காமலிருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தார். கனகாம்பரச் செடியை ஓரமாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன் அடியிலிருந்து மண்ணைக் கையால் தோண்டி அள்ளினார். முதல் பிடியை, படத்தின் வலது ஓரத்தில் ஆளில்லாமல் உயர்ந்திருந்த அந்த வளையல் கையின் மேல் போட்டார். பிறகு அடுத்த பிடிக்குக் குனிந்தார்.